வேடத்துக்கு விலை கொடுப்பவர் யார்?



உரு மாறுவதைப் பற்றிப் பேச்சு வந்தால் நாம் பெரும்பாலும் மாறுகிறவரைப் பற்றியே பேசுகிறோம். இந்திரன் எப்படி மாறினான், அருச்சுனன் ஏன் மாறினான், ஒரு கலைஞர் இன்னொருவராக வேடமிட்டுத் தன்னையே படம் எடுத்துக்கொண்டதில் எதைச் சொல்ல வந்தார் என்று கேட்கிறோம். அந்தத் துணிச்சலை வியக்கிறோம். கடந்த ஐம்பது ஆண்டுகளில் உலகக் கலைக்கூடங்களில் வேடம் புனைவது தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் அதை அடையாளத்தின் விடுதலையாகக் கொண்டாடுகிறார்கள். அந்தப் பாராட்டில் உண்மை உண்டு. ஆனால் அதில் ஒரு கணக்கு விடுபட்டுப் போகிறது. ஒருவர் இன்னொருவரின் உருவை எடுத்துக்கொண்டால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர் யார்? வேடமிட்டவரா, உருவுக்கு உரியவரா, பக்கத்தில் நின்ற மூன்றாமவரா? இந்தக் கேள்வியை வைத்துத்தான் ஒரு வேடத்தை எடைபோட வேண்டும் என்பது என் வாதம். இந்த அளவுகோலை நான் வெளியிலிருந்து கொண்டுவந்து கலையின் தலையில் சுமத்தவில்லை. தொன்மங்களே இந்தக் கணக்கை எழுதி வைத்திருக்கின்றன. இன்றைய கலையில் வலுவாக நிற்கும் படைப்புகளும் அந்தக் கணக்கை மறக்காதவைதாம். இந்த இரண்டையும் சான்றுகளோடு உங்கள் முன் வைக்கிறேன்.

எல்லோரும் அறிந்த கதையிலிருந்தே தொடங்குவோம். கௌதமரின் உருவை எடுத்துக்கொண்டு இந்திரன் அகலிகையிடம் வருகிறான். வான்மீகத்தில் அவள் வந்தவன் யார் என்று தெரிந்தே இணங்குகிறாள்; கம்பனில் இடையில் உணர்ந்தும் விலகாதிருக்கிறாள். அவள் குற்றம் எவ்வளவு என்ற வழக்கு நூற்றாண்டுகளாக நடக்கிறது. அதை ஒதுக்கிவிட்டுத் தண்டனையை மட்டும் பாருங்கள். கம்பனில் அகலிகை கல்லாகிறாள். இந்திரனுக்கும் சாபம் உண்டு. உடல் முழுதும் இழிவின் குறிகள் ஆயிரம். ஆனால் அவனுக்காகத் தேவர்கள் போய் வேண்டுகிறார்கள், குறிகள் கண்களாகின்றன. ஆயிரங் கண்ணன் என்பது பிறகு அவனுக்குப் பெருமைப் பெயராகவே வழங்குகிறது. அகலிகைக்காகப் பேச ஒருவரும் போகவில்லை. அவள் தானே மன்றாடி வழி கேட்கிறாள். கேட்டும், இராமன் வரும்வரை கல்லாய்க் கிடக்கிறாள். வேடம் போட்டவனுக்குத் தழும்பு அணிகலனானது. வேடத்துக்கு ஆளானவள் அசைவையே இழந்தாள். புதுமைப்பித்தன் 'சாப விமோசன'த்தில் இந்தக் கணக்கைத்தான் மறுபடி திறந்தார். சீதையைத் தீக்குளிக்கச் சொன்ன செய்தி கேட்டு அவருடைய அகலிகை மீண்டும் கல்லாகிறாள். முதல் முறை பிறர் தந்த உருமாற்றம், இரண்டாம் முறை அவளுக்குள்ளிருந்தே எழுந்த மறுப்பு. கல் ஒன்றுதான், ஆனால் அதன் பொருள் தலைகீழாகிவிடுகிறது.

உரோமைக் கவி ஓவிட், கி.பி. 8ஆம் ஆண்டையொட்டி எழுதி முடித்த 'உருமாற்றங்கள்' காவியத்தின் 15 பகுதிகளில் ஆறாம் பகுதி, இந்தக் கேள்வியை ஒரு கலைஞரின் கதையாகவே சொல்கிறது. லிடியா நாட்டில் அரக்னே என்ற நெசவுக்காரி. சாயத் தொழிலாளியின் மகள். நெசவில் தனக்கு நிகர் இல்லை என்கிறாள். நெசவுக்குத் தெய்வமான மினர்வா ஒரு கிழவியின் வேடத்தில் வந்து அவளை எச்சரிக்கிறாள், அரக்னே பணியவில்லை, மினர்வா வேடத்தைக் களைந்து போட்டியில் இறங்குகிறாள். இருவரும் தறியில் உட்காருகிறார்கள். மினர்வா நெய்த துணியில் நடுவே தெய்வங்கள் கொலுவிருக்கின்றன. நான்கு மூலைகளிலும் தெய்வங்களை எதிர்த்ததற்காக மலையாகவும் பறவையாகவும் மாற்றப்பட்ட மனிதர்கள். அரக்னே நெய்தது வேறு. ஜூப்பிட்டர் காளையாக வந்து யூரோப்பாவைத் தூக்கிச் செல்கிறான். அன்னமாக வந்து லீடாவை வளைக்கிறான். பொன்மழையாக வந்து டானேயை ஏமாற்றுகிறான். யூரோப்பா நடுக்கடலில் கரையைத் திரும்பிப் பார்த்துத் தோழியரை அழைக்கிறாள். அலை தன் மேல் படாதபடி கால்களை மடக்கிக்கொள்கிறாள். மடங்கிய அந்தக் கால்களை நெய்த இடத்தில்தான் அரக்னேயின் கலை இருக்கிறது. காளையின் கம்பீரத்தைப் பாட ஆயிரம் பேர் உண்டு. அதன் முதுகில் இருந்தவளின் அச்சத்தை இழையில் கொண்டுவந்தவள் அவள். மினர்வாவால் அந்தத் துணியில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. அதனாலேயே அதைக் கிழித்தெறிகிறாள்; நாடாவால் அரக்னேயின் நெற்றியில் அடிக்கிறாள்; தூக்கிட்டுக்கொண்டவளைச் சிலந்தியாக்குகிறாள். தெய்வங்களின் வேடத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று காட்டிய கலைஞரே அந்த விலையையும் கொடுக்க நேர்ந்தது. ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெத் பதினேழாம் நூற்றாண்டில் இந்தப் போட்டியை வரைந்த ஓவியம் மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் முன்னால் பெரிதாகத் தெரிகிறவர்கள் நூல் நூற்கும் உழைப்பாளிப் பெண்கள். பின்னால் சிறிதாகத் தொங்குவதுதான் அரக்னேயின் துணி.

இந்த இரு கதைகளிலும் வேடமிட்டவர் வலியவர். எளியவர் வேடமிடும்போது கணக்கு எப்படி? விராட நகரில் பாண்டவர் ஓராண்டு மறைந்து வாழ்ந்ததைப் பாருங்கள். அருச்சுனன் போட்ட பிருகந்நளை வேடத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். திரௌபதி போட்ட சைரந்திரி வேடத்தைப் பற்றி அவ்வளவு பேசுவதில்லை. அறுவரும் ஒரே காரணத்துக்காகத்தான் வேடமிட்டார்கள். வேடத்தின் பாரம் ஒரே அளவாக விழவில்லை. தருமர் அரசனோடு சூதாடும் கங்கராகிறார். திரௌபதி பணிப்பெண் ஆகிறாள். விராடனின் மைத்துனன் கீசகன் அவளைத் துரத்திவந்து விராடனின் அவையிலேயே உதைக்கிறான். கணவன் அதே அவையில் உட்கார்ந்திருக்கிறான். வேடம் கலைந்துவிடும் என்பதால் பீமனையும் அடக்குகிறான். மூல பாரதத்தில் ஒரு கொடுமையான இடம் உண்டு: நாடகக்காரியைப் போல அழுது ஆட்டத்தைக் கெடுக்காதே என்னும் பொருள்பட தருமரே அவளிடம் சொல்கிறார். உண்மையில் நடித்துக்கொண்டிருந்தவர் அவர். உண்மையில் அழுதவள் அவள். பின்னர் பீமன் இரவில் கீசகனைக் கொன்றுவிடுகிறான், நாமும் ஆறுதல் அடைகிறோம். ஆனால் கதை நம் முன் வைத்த கேள்வி அங்கே முடிவதில்லை. அந்த அரண்மனையில் வேடமாக அல்லாமல் பிழைப்பாகவே பணிப்பெண்களாக இருந்தவர்களுக்கு எந்தப் பீமன் இருந்தான்? திரௌபதி ஓராண்டுக்கு எடுத்துக்கொண்ட உரு, அவர்களுக்கு ஆயுள் முழுவதும் கழற்ற முடியாதது. அரசியின் உடல் பட்ட அடியால்தான் பணிப்பெண்ணின் நிலை காவியத்தின் கண்ணில் படுகிறது. வேடம் செய்யக்கூடிய பெரிய காரியம் இது: காணப்படாதவரைக் காண வைப்பது. அதன் எல்லையும் இதுவே: காணப்பட்ட பிறகும் அவர் அங்கேயே இருக்கிறார்.

தமிழில் இந்தக் கேள்வியை மிக ஆழமாகத் தோண்டிய நூல் மணிமேகலை. மணிபல்லவத் தீவில் தெய்வம் நூலின் நாயகி மணிமேகலைக்கு மூன்று மந்திரங்களைத் தருகிறது: வேற்றுருக் கொள்ள ஒன்று, வான்வழி செல்ல ஒன்று, பசியைத் தாங்க ஒன்று. முதல் மந்திரத்தை அவள் எங்கெல்லாம் பயன்படுத்துகிறாள் என்று தொடர்ந்து பார்த்தால் நூலாசிரியர் சாத்தனாரின் எண்ணம் புலப்படும். முதலில், தன்னை விடாமல் தொடரும் அரசகுமரன் உதயகுமரனிடமிருந்து தப்பக் காயசண்டிகையின் உருவை எடுக்கிறாள். காயசண்டிகை முனிவரின் சாபத்தால் பன்னிரண்டு ஆண்டு யானைத்தீ என்னும் பெரும்பசியால் வாடி, மணிமேகலை இட்ட அன்னத்தால் பசி நீங்கித் தன் ஊருக்குப் புறப்பட்டுப் போனவள். அந்த உருவோடு மணிமேகலை சிறைக்குள் சென்று பசித்தவர்க்குச் சோறிடுகிறாள். மன்னனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டம் ஆக்குகிறாள். வேடம் அதுவரை நன்மையே செய்கிறது. அந்த நேரத்தில் காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் மனைவியைத் தேடி வருகிறான். அந்நியனான அரசகுமரனோடு பேசிக்கொண்டிருப்பவள் தன் மனைவிதான் என்று நம்புகிறான். நள்ளிரவில் உலக அறவி என்னும் அம்பலத்துக்கு வந்த உதயகுமரனை வாளால் வெட்டி வீழ்த்துகிறான். உண்மையான காயசண்டிகையோ வழியில் விந்தியமலைக் காவல் தெய்வத்தின் வயிற்றில் போய்விட்டாள். ஆக உருவுக்கு உரியவள் இறந்தாள், உருவை நம்பியவன் கொலைகாரன் ஆனான், உருவுக்குள் இருப்பவளை அறிந்து வந்தவன் வெட்டுண்டான். நல்ல நோக்கத்தோடு போட்ட வேடம்தான் இது.

இங்கே ஒரு மறுப்பு எழும். உதயகுமரன் இறந்தது அவன் முற்பிறவியில் சமையல்காரன் ஒருவனை வெட்டிய வினையால் என்று தூணில் உறையும் தெய்வமான கந்திற்பாவை விளக்குகிறதே, வேடத்தின் மேல் ஏன் பழி போட வேண்டும் என்று கேட்கலாம். வினைக்கொள்கை அந்தச் சாவு ஏன் நேர்ந்தது என்பதைச் சொல்கிறது. அதற்குப் பிறகு மணிமேகலை என்ன செய்தாள் என்பதில்தான் பொறுப்பு இருக்கிறது. மன்னன் அவளைச் சிறையிடுகிறான். அறக்கோட்டம் ஆக்கக் கேட்டவளுக்கே காவல். வான்வழி செல்லும் மந்திரம் அவளிடம் உண்டு, பறந்து போகவில்லை. மகனை இழந்த அரசி அவளைத் தன் பொறுப்பில் வாங்கிப் பித்தாக்கப் பார்க்கிறாள், ஒருவனைக் கூலிக்கு அமர்த்தி அவளைக் கெடுக்க ஏவுகிறாள், பட்டினி போடுகிறாள். அனைத்தையும் தாங்குகிறாள். ஏவப்பட்டவன் வந்தபோதுதான் இரண்டாம் முறை அந்த மந்திரத்தைச் சொல்லி ஆணுருக் கொள்கிறாள். இறுதியில் அரசிக்கே அறம் சொல்லித் தேற்றுகிறாள். மூன்றாம் முறை வஞ்சி நகரில். இளம்பெண்ணுக்குச் சமயவாதிகள் தம் கொள்கையைச் சொல்லமாட்டார்கள் என்று கண்ணகித் தெய்வம் உணர்த்த, மாதவ வடிவம் தாங்கிப் போய் ஒவ்வொருவரிடமும் கேள்வி கேட்கிறாள். கல்விக்கூடத்தின் கதவு பெண்ணுக்கு மூடியிருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? மூன்று வேடங்களில் ஒன்றுக்குக் கூட அவள் இன்பம் காரணமில்லை. விலை விழுந்தபோது ஓடாமல் நின்று தன் பங்கைத் தந்தாள். இந்திரனையும் அவளையும் பிரிக்கும் கோடு இதுதான்.

இந்த அளவுகோலோடு இன்றைய கலைக்கு வருவோம். அமெரிக்கக் கலைஞர் சிண்டி ஷெர்மன் 1977க்கும் 1980க்கும் இடையில் எடுத்த 'தலைப்பில்லாத திரைப்படக் காட்சிகள்' என்ற கருப்பு வெள்ளைப் படத்தொகுப்பு இந்த வகையின் மூலப்படைப்புகளில் ஒன்று. ஒவ்வொரு படத்திலும் அவரே தோன்றுகிறார்: நகரத்துக்குப் புதிதாக வந்த அலுவலகப் பெண், சமையலறையில் நிற்கும் இல்லத்தரசி, சாலையோரத்தில் பெட்டியோடு காத்திருப்பவள். எந்தப் படமும் உண்மையான திரைப்படத்திலிருந்து எடுத்ததல்ல. ஆனாலும் எங்கோ பார்த்த படம் என்று நம் மனம் சொல்கிறது. பெண்ணை எப்படிப் பார்க்க வேண்டும் என்று திரைப்படம் நமக்குப் பழக்கிவைத்த அச்சுகள் அவை. அந்த அச்சுகளுக்குள் அவர் நிறுத்தியது தன்னை. அதே ஷெர்மன் 1976இல் பேருந்துப் பயணிகளாக வேடமிட்ட தொடர் ஒன்றையும் எடுத்தார். 2000இல் அது வெளிவந்தது. அதில் கருப்பினப் பயணிகளைக் காட்ட முகத்தில் கருப்பு பூசிக்கொண்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க மேடைகளில் வெள்ளையர் முகத்தில் கரி பூசிக் கருப்பின மக்களைக் கேலிப்பொருள் ஆக்கிய வரலாறு உண்டு. அந்த வரலாற்றுக்குள் இந்தப் படங்கள் போய் விழுந்தன, கண்டனமும் எழுந்தது. ஒரே கலைஞர், ஒரே உத்தி, ஓரிரு ஆண்டு இடைவெளி. ஒன்று நிற்கிறது, ஒன்று சரிகிறது. திரைப்படக் காட்சிகளில் அந்தப் பார்வை அவர் மேலேயே படுகிறது; பேருந்துப் படங்களில் அதன் செலவு, படத்தில் இல்லாத பயணிகளின் தலையில் விழுகிறது.

இன்னோர் அமெரிக்கக் கலைஞரான ஏட்ரியன் பைப்பரை இதோடு வைத்துப் பார்க்கலாம். வெளிர்நிறம் கொண்ட கருப்பினப் பெண்; தத்துவம் படித்தவர். 1973 முதல் 1975 வரை சுருண்ட பொய்முடி, ஒட்டுமீசை, கருப்புக் கண்ணாடி அணிந்து ஒரு கருப்பின இளைஞனாகத் தெருவில் நடந்தார். அந்த ஆளுக்கு 'தொன்ம மனிதன்' என்றே பெயர் வைத்தார். நடக்கும்போது தன் பழைய நாட்குறிப்பின் வரிகளை மந்திரம்போல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார். அந்த வரிகள் நியூயார்க்கின் 'வில்லேஜ் வாய்ஸ்' வார இதழில் அந்த ஆளின் படத்தோடு விளம்பரங்களாகவும் வந்தன. ஓர் இளம்பெண்ணின் அந்தரங்க மனம் அந்த இளைஞனின் வாயிலிருந்து வெளிவருகிறது. எந்தக் கருப்பின ஆணைக் கண்டு நகரம் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறதோ, அவனாகவே அவர் அந்த நகரத்துக்குள் போனார். அந்த நகரம் அவனுக்காக வைத்திருந்த பயத்தையும் வெறுப்பையும் தன் உடலில் ஏற்றுக்கொள்ளத் தயாராகவே போனார். இந்த வேடம் கீழ்நோக்கிப் போனது. அதன் விலையைப் பையிலேயே எடுத்துக்கொண்டு போனது.

நம் பக்கத்தில் புஷ்பமாலா. பெங்களூரைச் சேர்ந்தவர், சிற்பியாகத் தொடங்கி ஒளிப்படத்துக்கு வந்தவர். ஒளிப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து 2000க்கும் 2004க்கும் இடையில் தென்னிந்தியப் பூர்வகுடிப் பெண்களும் அவர்தம் பழக்கவழக்கங்களும் என்று பொருள்படும் தொடரைச் செய்தார். இரவிவர்மாவின் இலட்சுமியாக, திரைப்படத்தில் ஜெயலலிதா தோன்றிய ஒரு காட்சியின் நாயகியாக, நாளிதழில் வந்த காவல் படத்தில் பிடிபட்ட பெண்ணாக, தோடர் பெண்ணாக அவரே நிற்கிறார். தலைப்பே பழைய காலனிய நூல்களின் தொனியில் இருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் நீலகிரித் தோடர்களின் மூக்கையும் தலையையும் அளந்து எழுதியவர். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளை 1909இல் வெளியிட்டவர். மனிதரைக் கட்டம் போட்ட திரைக்கு முன் நிறுத்தி அளக்கும் முறை அந்தக் காலத்தது. புஷ்பமாலாவின் தோடர் படம் அந்த அளவைப் படங்களை ஒட்டியது. நகரத்தில் வாழும், படித்த, பெயர்பெற்ற கலைஞர் தோடர் பெண்ணாக வேடமிடுவதும் ஒருவகை அபகரிப்பு அல்லவா என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. அவர் எடுத்துக்கொண்டது தோடர் வாழ்க்கையையா, தோடரைப் படமெடுத்தவரின் சூத்திரத்தையா என்று நான் பார்க்கிறேன். படத்தில் அவர் தோடராக நம்மை நம்பவைக்க முயலவில்லை. வேடம் வேடமாகவே தெரிகிறது. இலட்சுமியும் நடிகையும் பிடிபட்ட பெண்ணும் தோடரும் ஒரே முகத்தோடு அருகருகே நிற்கும்போது, வழிபடும் பார்வையும் அளக்கும் பார்வையும் ஒரே புகைப்படப் பெட்டியிலிருந்து வந்தவை என்பது புலப்படுகிறது. அந்த அளவில் அவர் வேடத்தை நான் ஏற்கிறேன். ஆனால் மறுப்பில் ஒரு மிச்சம் இருக்கிறது. அளக்கப்பட்டு நின்ற தோடர் பெண் இந்தப் படத்திலும் பேசவில்லை. திரௌபதியின் கதையில் பணிப்பெண்கள் போல அவளும் வெளியிலேயே நிற்கிறாள். வேடத்தால் செய்ய முடியாத இந்த வேலையைத் தோடர் கலைஞர்கள் தம் குரலில் செய்ய வேண்டும். அதற்கு இடம் விடுவது கலைக்கூடங்களின் கடமை.

பார்வையாளரே விலையைக் கொடுக்கும்படி அமைந்த படைப்பும் உண்டு. கொலம்பஸ் அமெரிக்கா சேர்ந்து 500 ஆண்டு ஆனதைக் கொண்டாடிய 1992இல், கலைஞர்கள் கோகோ ஃபுஸ்கோவும் கியெர்மோ கோமெஸ் பென்யாவும் ஒரு பொன்னிறக் கூண்டுக்குள் நின்றார்கள். மெக்சிகோ வளைகுடாவில் யாரும் கண்டுபிடிக்காத தீவு ஒன்றிலிருந்து வந்தவர்கள் என்று அறிவிப்புப் பலகை சொன்னது. உடம்பில் புல்லாடை, கையில் மடிக்கணினி. காசு கொடுத்தால் ஆடினார்கள், இல்லாத மொழியில் கதை சொன்னார்கள். கழிப்பறைக்குக் காவலர் கயிறு கட்டி அழைத்துப் போனார்கள். மாட்ரிட், லண்டன், வாஷிங்டன் என்று கூண்டு பயணம் போனது. கேலிக்கூத்து என்று எல்லோரும் உடனே புரிந்துகொள்வார்கள் என்பதே எதிர்பார்ப்பு. ஆனால் பலர் உண்மை என்றே நம்பினார்கள். ஐரோப்பியக் கண்காட்சிகளில் மனிதரைக் கூண்டில் வைத்துக் காட்டிய பழக்கம் பழங்கதை ஆகிவிடவில்லை என்பது பார்த்தவர்களின் முகத்திலேயே எழுதியிருந்தது. ஏமாற்றுவது அறமா என்று கேட்டவர்களும் உண்டு. ஏமாற்றியவர்கள் கூண்டுக்குள் இருந்தார்கள், அவமானத்தின் பெரும்பகுதியைத் தாமே சுமந்தார்கள் என்பதே என் பதில்.

இப்போது என் வாதத்தின் அடிப்படையையே அசைக்கும் இரண்டு மறுப்புகளை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, கலை என்பதே கூடு விட்டுக் கூடு பாய்வது. அதற்குக் கணக்குக் கேட்டால் கற்பனை முடங்கிவிடும் என்பது. அந்த உவமையின் மூலக் கதையையே பாருங்கள். சாத்தனூரில் மேய்ப்பன் மூலன் இறந்துகிடக்க, பசுக்கள் கதறுவதைக் கண்டு இரங்கிய யோகி அவன் உடலில் புகுகிறார். இதைவிடக் கருணையான உருமாற்றம் இல்லை. ஆனாலும் மாலையில் மூலனின் மனைவி வருகிறாள். கணவன் உடல் நிற்கிறது, அது தன்னோடு உறவில்லை என்கிறது. அவள் ஊராரிடம் போய் முறையிடுகிறாள். இந்தக் கதையைப் பாடிய சேக்கிழார் அவளை விட்டுவிடவில்லை. யோகி தன் பழைய உடலைத் தேடிப் போய்க் காணாமல் திரும்புவதையும் விட்டுவிடவில்லை. கணக்கைக் கேட்டதால் அந்தக் கதை முடங்கிவிட்டதா? அவள் துயரம் இருப்பதால்தான் அதற்குக் கனம் வந்தது. யார் எந்த வேடமும் போடலாம். அதற்கு நான் தடை கேட்கவில்லை. மூலனின் மனைவி எங்கே என்று கேட்கும் உரிமை பார்வையாளருக்கு உண்டு என்கிறேன்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. மூல அடையாளம் என்று ஒன்றே இல்லை, எல்லாமே வேடம்தான், ஆண் பெண் என்பதும் நாளும் நடித்து உண்டாக்குவதே என்னும் சிந்தனை. 1990இல் ஜூடித் பட்லர் எழுதிய நூலுக்குப் பிறகு இது உலகெங்கும் பரவியது. அதில் ஆழமான உண்மை உண்டு. ஆனால் எல்லாம் வேடம் என்று ஒப்புக்கொண்டாலும், சிலரால் கழற்ற முடிகிறது, சிலரால் முடியவில்லை என்ற வேறுபாடு அப்படியே நிற்கிறது. இங்கே ஒரு கோட்டைத் தெளிவாகப் போட வேண்டும். அருச்சுனனுக்குப் பிருகந்நளை ஓராண்டு மறைவு. சித்திரை மாதத்தில் கூவாகத்தில் அரவான் என்னும் தெய்வத்துக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் வெள்ளுடுத்து அழும் திருநங்கையருக்கு அது வேடமே இல்லை. தம்மைத் தாமாகவே நிறுத்திக்கொள்ளும் இடம். தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர்கள் வாழ்க்கையை உருமாற்றம் என்ற அழகிய சொல்லுக்குள் அடக்கிக் கலையின் உதாரணமாக்குவதும், அவர்களிடமிருந்து ஓர் உருவைக் கேட்காமல் எடுப்பதுதான். பிருகந்நளையாக ஒரு நடிகர் நன்றாக ஆடலாம். ஆட்டம் முடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போகலாம். வாடகைக்கு வீடு கிடைக்காத துன்பம் அவருக்கு இல்லை.

இந்தக் கணக்கு இன்று கலைக்கூடத்துக்கு வெளியேயும் அவசரமாகிவிட்டது. ஒரு பெண்ணின் முகத்தைக் கணினியால் எடுத்து வேறோர் உடலில் ஒட்டி, அவள் செய்யாததைச் செய்ததாகக் காட்டும் காணொளிகள் சில நிமிடங்களில் உருவாகின்றன. செய்தவன் பெயர் தெரியாது. விலை முழுவதும் முகத்துக்கு உரியவள் தலையில். பிறர் உருவைக் கேட்காமல் எடுத்த இந்திரனின் கணக்கு இங்கே மீண்டும் எழுதப்படுகிறது. அகலிகைகளின் எண்ணிக்கைதான் பெருகியிருக்கிறது. இதை எதிர்க்கச் சட்டம் வேண்டும், தொழில்நுட்பம் வேண்டும். அவற்றோடு, கடன் வாங்கிய உரு எது, அதற்கு யார் செலவு செய்தார் என்று கேட்கப் பழகிய கண்ணும் வேண்டும். அந்தக் கண்ணைப் பழக்குவதில் தொன்மத்துக்கும் கலைக்கும் இணையான பள்ளி வேறு இல்லை. எனவே கலைஞர்களிடம் என் வேண்டுகோள் இது: எந்த வேடத்தையும் போடுங்கள், அதன் விலையில் உங்கள் பங்கைப் படைப்புக்குள்ளேயே வையுங்கள். பார்வையாளர்களாகிய நம்மிடம் என் வேண்டுகோள்: வேடத்தின் நேர்த்தியைப் பாராட்டிய பின், அந்த உருவுக்கு உரியவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டுவிட்டே அடுத்த படத்துக்கு நகர்வோம். கேட்கக் கேட்கத்தான் அவர்களும் வெறும் உருவங்களாக இல்லாமல், தம் கதையைத் தாமே சொல்லும் கலைஞர்களாக அந்தச் சுவர்களில் இடம்பெறுவார்கள்.